ஆயிரம் மகள்மாரின் தாய்: எலைசா அக்னியூ அம்மையார்

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைப் பற்றி இப்போது எங்கும் வாசிக்கலாம். ஒரு பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலரில், அப்படியொரு சங்கம் என்ற எண்ணமே இந்த மண்ணில் தோன்றாத காலத்தில், தன் பழைய மாணவிகளைத் தேடி வீடு வீடாகப் போன ஒருவரைப் பற்றி எழுதுவது பொருந்தும் என்று எனக்குப் பட்டது. அவர் நம் பாடசாலைக்கு உரியவர் அல்லர், உடுவிலுக்கு உரியவர். ஆயினும் வடபகுதியில் பெண்பிள்ளை படிப்பது வழமையான காரியமாவதற்கு உழைத்த மிகச் சிலருள் ஒருவர் என்பதால், அவரில் நமக்கும் பங்கு உண்டு.

எலைசா அக்னியூ 1807ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் நியூயோர்க் நகரிலே பிறந்தார். எட்டு வயதிலே பூமிசாத்திர வகுப்பில் ஆசிரியை உலகப்படத்தில் இலங்கைத் தீவைக் காட்டியபோது, பெரியவளானதும் அங்கே போவேன் என்று மனத்துள் தீர்மானித்துக்கொண்டாராம். எட்டு வயதில் நாம் எல்லோரும் ஏதாவது தீர்மானித்திருப்போம். ஆனால் இந்தப் பிள்ளை அதை மறக்கவில்லை. வளர்ந்த பின்பும் உடனே கப்பலேறிவிடவில்லை. வீட்டில் பெற்றோர் இருந்தார்கள். அவர்களைப் பார்க்கும் பொறுப்பு இருந்தது. அந்தக் கடமை முடியும்வரை காத்திருந்தார். காத்திருந்து காத்திருந்து வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஊருக்குச் சேவை செய்யப் புறப்படுகிறவர்கள் வீட்டிலிருப்பவர்களை மறந்துவிடுவதை நாம் காண்கிறோம். அக்னியூ அம்மையாரின் கதையில் எனக்கு முதலில் பிடித்த இடம் இந்தக் காத்திருப்புத்தான்.

1839இல் அமெரிக்க மிஷனால் அனுப்பப்பட்டுக் கப்பலேறி, 1840இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது சுயஸ் கால்வாய் கிடையாது. ஆபிரிக்காவைச் சுற்றிப் பாய்க்கப்பலில் மாதக்கணக்கான பயணம். ஊருக்கு ஒரு கடிதம் எழுதினால், அதற்கு மறுமொழி வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். மணமாகாமல் தனியே வந்த ஒரு பெண்ணை யாழ்ப்பாணம் எப்படிப் பார்த்திருக்கும் என்பதை நான் விபரிக்கத் தேவையில்லை. முப்பத்துமூன்று வயதில் கல்யாணம் ஆகாத பெண்ணென்றால், இன்றைக்கும் நம் ஊரில் பார்க்க வருகிற ஒவ்வொரு ஆச்சிக்கும் கேட்பதற்கு ஒரு கேள்வி இருக்கிறது!

அவர் வந்து சேர்ந்த உடுவிலைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலிலே பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பெண்பிள்ளைக்கு எழுத்தறிவித்தால் கெட்டுப்போவாள் என்றும், கல்யாணச் சந்தையில் விலைபோக மாட்டாள் என்றும் ஊர் நம்பிய காலம். பிள்ளைகளை ஈர்ப்பதற்குச் சாப்பாடும் உடுப்பும் கொடுத்தார்கள். படிப்பை முடித்துக் கிறிஸ்தவ முறைப்படி மணம் செய்கிறவர்களுக்குச் சீதனமும் கொடுத்தார்கள். சீதனம் கொடுத்துத்தான் பெண்கல்வி தொடங்கியது என்பது நம் சமூகத்தைப் பற்றி எவ்வளவோ சொல்கிறது. வின்ஸ்லோ அம்மையார் 1833இல் உடுவிலிலேயே காலமானார். அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோவைத் தமிழ் ஆங்கில அகராதி மூலம் நாம் எல்லோரும் அறிவோம். அவருக்குப் பின் ஸ்போல்டிங் ஐயரும் அவருடைய மனைவியாரும் உடுவிலைப் பொறுப்பேற்றார்கள். அவர்களோடுதான் அக்னியூ அம்மையார் வந்து சேர்ந்தார். அதன்பின் 1879 வரை, ஏறக்குறைய நாற்பது வருடங்கள், அந்தப் பாடசாலையை விட்டு அவர் அகலவில்லை. ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்கு விடுமுறையில் போகவில்லை. மற்ற மிஷனரிமார் உடல்நலம் கெட்டும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் போய்வந்தார்கள். மானிப்பாயில் வைத்தியம் செய்த கிறீன் வைத்தியர்கூட இடையிலே சில வருடங்கள் அமெரிக்காவில் இருந்துவிட்டே திரும்பினார். இவர் மட்டும் வந்தவர் வந்தபடியே இருந்துவிட்டார்.

நாற்பது வருடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகள் அவர் கையால் படித்து வெளியேறினார்கள். முதலில் மகள் வந்தாள். பிறகு அந்த மகளின் மகள் வந்தாள். கடைசியில் பேத்தியும் வந்து அதே வாங்கில் இருந்தாள். மூன்று தலைமுறை. ஆயிரம் மகள்மாரின் தாய் என்று அவருக்குப் பெயர் வந்தது இதனாலேதான். இந்தப் பெயரை அவருடைய சபையாரும் எழுதிவைத்தார்கள், ஊரவர்களும் சொன்னார்கள்.

மூன்று தலைமுறை என்பது எனக்கு வைத்தியர் என்ற முறையில் மிகவும் அர்த்தமுள்ள கணக்கு. எங்கள் கிளினிக்குகளில் ஒரு நோயாளருக்குக் கிடைப்பது நான்கைந்து நிமிடம். குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இருந்ததா என்று கேட்டு, சொல்வதை எழுதிக்கொள்வோம். தாயையும் பேத்தியையும் நேரில் அறிந்து வைத்தியம் செய்கிற வாய்ப்பு நம்மில் மிகச் சிலருக்கே அமைகிறது. அக்னியூ அம்மையாருக்கு ஒரு பிள்ளை வகுப்பில் ஏன் தலைகுனிந்து இருக்கிறாள் என்பது, அவளுடைய தாய் இருபது வருடங்களுக்கு முன் அதே இடத்தில் எப்படி இருந்தாள் என்பதிலிருந்தே விளங்கியிருக்கும். ஒரே இடத்தில் தங்கியவருக்கு மட்டுமே கிடைக்கிற அறிவு இது. எந்தப் பயிற்சிநெறியாலும் இதைக் கொடுக்க முடியாது.

அவர் பெரிய நூல் எதையும் எழுதி விட்டுப்போனவர் அல்லர். கிறீன் வைத்தியரைப் போல் கலைச்சொல் ஆக்கவில்லை. வின்ஸ்லோவைப் போல் அகராதி தொகுக்கவில்லை. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவருக்கு இது சங்கடமான விஷயம். அவருடைய வேலை முழுவதும் ஆளுக்கு ஆள் நடந்த வேலை. வாசிப்பு, எழுத்து, கணக்கு, தையல், வேதபாடம் என்று நாள் முழுவதும் வகுப்பு. அதற்கு மேல் விடுதி. விடுதியை நடத்தியவர்களுக்குத் தெரியும், அங்கே பகல் இரவு என்ற வேறுபாடு கிடையாது. காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். வீட்டை நினைத்து அழுகிற பிள்ளையை ஆற்றவேண்டும். சண்டை பிடித்த இருவரைச் சேர்த்துவைக்க வேண்டும். பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு அவர்களோடு கதைப்பதும் செபிப்பதும் அவருடைய வழமை. கூட்டமாக நிறுத்திப் பிரசங்கிப்பதைவிட இதிலேதான் அவருக்கு நம்பிக்கை இருந்தது.

பாடசாலை விட்ட விடுமுறையில் மற்றவர்கள் ஓய்வெடுக்க, இவர் பழைய மாணவிகளின் ஊர்களுக்குப் புறப்படுவார். மாட்டுவண்டிலிலும் கால்நடையாகவும், பனங்கூடல்களுக்கு ஊடாக, ஒழுங்கைகள் வழியே. மணமாகிப் போன பெண் ஒருத்தி அந்தக் காலத்தில் வேலிக்கு உள்ளே போனாளென்றால் போனதுதான். மாமியார் வீட்டில் படித்த மருமகளுக்கு மதிப்பு கூடுமா குறையுமா என்பது அந்த வீட்டைப் பொறுத்தது. கிறிஸ்தவளானவள் சைவ உறவினர் நடுவே தனித்திருந்தாள். சைவ வீட்டுக்கே திரும்பிப் போனவள் தான் படித்ததையெல்லாம் மறைத்து வைத்திருந்தாள். இருவருக்குமே தங்களைப் பெயர் சொல்லித் தேடிவருகிற ஒருவர் இருந்தார். பிள்ளைப்பேறு எப்படி, குழந்தை பால் குடிக்கிறதா, கடைசியாக எப்போது புத்தகத்தை எடுத்தாய் என்றெல்லாம் கேட்கிற தாய் முறையிலான ஒருவர். படிப்பித்த ஆசிரியை வீடு தேடி வருகிறார் என்பது அந்த வீட்டாருக்கு ஏற்படுத்தியிருக்கக்கூடிய மரியாதையையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றையும் நேராகப் பேசவேண்டும். நான் சைவக் குடும்பத்தில் பிறந்து மிஷன் பாடசாலையில் படித்தவள். இந்த மலரை வாசிப்பவர்களில் பலரும் என்னைப் போன்றவர்களே. காலையில் பாடசாலையில் செபமும் வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலுமாக வளர்ந்தோம். அக்னியூ அம்மையாரின் அன்புக்கு ஒரு நோக்கம் இருந்தது. அவரிடம் படித்தவர்களில் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் கிறிஸ்தவர்களானார்கள் என்று அவருடைய சக மிஷனரிமார் பெருமையோடு பதிவுசெய்திருக்கிறார்கள். விடுதியில் சேர்ந்த பிள்ளைகள் பலருக்கு, அவர்களுக்கான செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளரின் பெயர் சூட்டப்பட்டது. வள்ளியாகவும் சின்னாச்சியாகவும் வந்திருக்கக்கூடிய பிள்ளை, தான் ஒருநாளும் காணாத ஒரு சீமாட்டியின் பெயரோடு வெளியே போனாள். இதைத் தொடக்கியவர் அக்னியூ அம்மையார் அல்லர். அவர் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம். என்றாலும் எனக்கு அது உறுத்துகிறது. பெயரை மாற்றிக்கொண்டுதான் எழுத்தறிய வேண்டியிருந்தது என்றால், அது சிறிய விலை அல்ல. 1840களில் நல்லூர் ஆறுமுக நாவலர் வெகுண்டெழுந்ததும், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் காரணமில்லாமல் நடந்தவை அல்ல. நம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் என்ற வலை போட்டுப் பிடிக்கிறார்கள் என்ற கோபம் அன்று நியாயமாகவே இருந்தது.

அப்படியானால் அந்த அன்பு ஒரு தூண்டிலா? இந்தக் கேள்வியை நான் பல நாள் வைத்து யோசித்தேன். எனக்குக் கிடைத்த விடை, அவர் பாடசாலைக்கு வெளியே செய்தவற்றில்தான் இருக்கிறது. தூண்டில் போடுகிறவருக்கு மீன் அகப்பட்ட பின்னும், அகப்படாது என்று தெரிந்த பின்னும் அங்கே வேலையில்லை. அக்னியூ அம்மையாரோ ஞானஸ்நானம் பெற்றவளின் வீட்டுக்கும் போனார், பெறாதவளின் வீட்டுக்கும் போனார். பெறாத நானூறு பேரும் அந்த ஆயிரம் மகள்மாரில் அடக்கம். தன் விசுவாசத்தை அவர் மறைக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை தன்னிடமிருந்த மிக நல்ல பொருள் அதுவே, அதைக் கொடுக்காமல் விடுவது அன்பாகாது. நான் அதை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கொடுக்க வந்தவர், வாங்காதவளையும் விட்டுப்போகாமல் இருந்தார் என்பதை மதிக்காமல் இருக்க முடியவில்லை. இதே காரணத்தினால்தான் நம் பாட்டிமார் பலர் மதம் மாறாமலே தங்கள் மிஷன் ஆசிரியைகளைப் பற்றிக் கடைசிவரை கண்கலங்கக் கதைத்தார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த நாற்பது வருடமும் ஒரே சீராகப் போகவில்லை. 1855இல் பொஸ்ரனிலிருந்து மிஷனின் செயலாளர் அன்டர்சன் வந்து பார்த்துவிட்டு, ஆங்கிலக் கல்வி மிஷனின் வேலையல்ல என்று முடிவுகட்டினார். பேர்பெற்ற வட்டுக்கோட்டை செமினரி அந்த வருடமே மூடப்பட்டது. உடுவிலிலும் ஆங்கிலம் கைவிடப்பட்டுப் பாடசாலை சுருங்கிற்று. செமினரியில் படித்த ஆண்களுக்குப் படித்த துணைவியர் வேண்டும் என்பது உடுவிலின் தொடக்க நோக்கங்களில் ஒன்று. செமினரி போனதும் அந்த ஏற்பாடும் ஆட்டம் கண்டது. மேலிடத்துத் தீர்மானம் ஒன்றால் ஒரு வைத்தியசாலைப் பகுதியே மூடப்படும்போது, அங்கே வேலை செய்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சிலர் மாற்றம் கேட்டுப் போய்விடுவார்கள். அக்னியூ அம்மையார் இருந்த பிள்ளைகளோடு தமிழிலேயே தொடர்ந்தார். பிறகு 1861 முதல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம். மிஷனுக்கு வரும் பணம் இறுகிற்று. 1866, 1867 ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைக் கொள்ளைநோயான கொலரா உலுக்கியது. கிறீன் வைத்தியரும் அவரிடம் படித்த தமிழ் வைத்தியர்களும் ஊரூராக அலைந்த நாட்கள் அவை. கொலராக் காலத்தில் ஒரு விடுதியை வைத்திருப்பதென்றால் கிணறு முதல் சமையற்கட்டு வரை ஒவ்வொன்றும் கவலைதான். அந்தக் கிருமி குடிநீரில் வருகிறது என்பதையே உலகம் அப்போதுதான் மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டு வந்தது.

கூட இருந்தவர்களும் ஒருவர்பின் ஒருவராகப் போனார்கள். ஸ்போல்டிங் ஐயரும் அவருடைய மனைவியாரும் 1870களின் முற்பாதியில் காலமானார்கள். முப்பது வருடங்களுக்கு மேல் ஒரே வளவில், ஒரே வேலையில் இருந்தவர்கள் அவர்கள். கிறீன் வைத்தியர் 1873இல் உடல்நலம் குன்றி அமெரிக்கா திரும்பினார். அப்போது சுயஸ் கால்வாய் திறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன; நியூயோர்க் முன்பைவிட மிகக் கிட்டத்தில் இருந்தது. அக்னியூ அம்மையாருக்கு அறுபத்தாறு வயது. விரும்பியிருந்தால் போயிருக்கலாம். ஆனால் அங்கே அவருக்கு யார் இருந்தார்கள்? உறவு என்று சொல்லக்கூடியவர்கள் அளவெட்டியிலும் சண்டிலிப்பாயிலும் தெல்லிப்பழையிலும் இருந்தார்கள். நம் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, இங்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று சொல்லுகிற தாய்மாரை நாம் பிடிவாதக்காரர் என்கிறோம். அந்தத் தாய்மாருக்கு அக்னியூ அம்மையாரை நன்றாக விளங்கியிருக்கும்.

1879இல், எழுபத்திரண்டு வயதில், பாடசாலைப் பொறுப்பிலிருந்து விலகினார். சூசன் ஹௌலண்ட் அம்மையார் அந்த இடத்துக்கு வந்தார். 1880இல் அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்திலிருந்து மேரி, மார்கரற் லீச் என்ற இரு சகோதரிகள் மானிப்பாய்க்கு வந்து சேர்ந்தார்கள். கடைசி வருடங்களை அக்னியூ அம்மையார் அவர்களுடைய வீட்டில் கழித்தார். உடுவிலிலிருந்து மானிப்பாய் சில மைல் தூரமே. இதுவரை அவர் தேடிப்போனவர்கள் இப்போது அவரைத் தேடி வந்தார்கள், தங்கள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.

1883ஆம் ஆண்டு யூன் மாதம் 14ஆம் திகதி காலமானார். வயது எழுபத்தாறு. கடைசி நோயின்போது, அவருக்காகச் செபிக்க வந்தவர் எதைக் குறித்துச் செபிக்கவேண்டும் என்று கேட்டாராம். தனக்கென்று எதையும் கேளாமல், இலங்கைப் பெண்களுக்காகச் செபிக்கும்படி கேட்டுக்கொண்டார் என்று லீச் சகோதரிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். மரணப்படுக்கையில் இருப்பவர்களை நான் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் மனிதர் புதிதாக ஒன்றும் ஆவதில்லை. வழக்கமாக யாரை நினைத்தார்களோ அவர்களையே நினைக்கிறார்கள். சிலர் காணி உறுதியைக் கேட்பார்கள், சிலர் இளைய மகனைக் கேட்பார்கள்.

அக்னியூ அம்மையாரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தச் சகோதரிகள் 1890இல் வெளியிட்ட நூலில் இருந்து வந்ததே. எழுதியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கிறீன் வைத்தியர் மகப்பேற்று வைத்திய நூலைத் தமிழில் பெயர்த்து அச்சிட்டது 1857இல். அவரிடம் படித்துத் தேறியவர்கள் அறுபதுக்கு மேல், எல்லோரும் ஆண்கள். ஆண் வைத்தியர் தொடக்கூடாது என்று வேலிக்கு உள்ளேயே பிரசவ வேதனையில் இறந்துபோன பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. அந்த வீடுகளுக்குள் போய்வந்த அக்னியூ அம்மையாரோடு இறுதி வருடங்களில் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் லீச் சகோதரிகள். பின்னர் அவர்கள் பெண்களுக்கென ஒரு வைத்தியசாலை வேண்டுமென்று அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் ஊர் ஊராகப் போய்ப் பணம் சேர்த்தார்கள். உடுவிலுக்கு அடுத்த ஊரான இணுவிலிலே 1898இல் மக்லியட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அங்கே பெண் வைத்தியர் இருந்தார். நம் பெண்கள் தாதியராகப் பயிற்சி பெற்றார்கள். எங்கள் தலைமுறையில்கூட, நீ எங்கே பிறந்தாய் என்று கேட்டால் இணுவில் ஆஸ்பத்திரியில் என்று சொல்லுகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் ஏராளம்.